'இவரை எனக்குத் தெரியும்!'

பி.காம். முடித்த கையோடு மேற்படிப்புக்கு மனுப் போட்டேன். கூடவே ஒரு பேராசிரியரின் சிபாரிசுக் கடிதமும் வேண்டுமாம். அருவங்காட்டில் பஸ் பிடித்து, மங்கி கேப்பும் ஃபைலுமாக ஒரு பேராசிரியர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உன் பேர் என்னப்பா?"

மூன்று வருஷம் கடைசி பெஞ்சில் பதுங்கியதன் பலன்! 'இவரை நன்கு அறிவேன்' என்று என்னையே எழுதிவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இடம் கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு வருஷம் தண்டச்சோறு.

இதில் நமக்கு முன்னோடி யார் தெரியுமா? 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டார் ஓர் இளைஞர். எஃப்.ஏ. பரீட்சையில் கோட் அடித்தவர். ஆனால் கையில் மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த கடிதம் இருந்தது. எண்களில் அசாதாரணத் திறமை, கணக்குப் போடுவதில் படுவேகம் என்று எழுதியிருந்தார். கணக்குப் பிரிவுக்கு வேறென்ன வேண்டும்? மார்ச் 1 முதல் வேலை, மாதம் 30 ரூபாய்.

குமாஸ்தாவின் பெயர் ராமானுஜன்!

1913-ல் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இவருக்காக எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1914-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார்.

ஒன்றைக் கவனியுங்கள். ராமானுஜன் யாரையும் வெறுங்கையோடு பார்க்கப் போகவில்லை. கக்கத்தில் கணக்கு நோட்டு இருந்தது. பெரியவர்கள் எழுதியது அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

அடுத்த வருஷம் நானும் திருந்தினேன். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே வேறொரு பேராசிரியரிடம் போனேன். மார்க் ஷீட், விண்ணப்ப நகல், என் பழைய கணக்கு நோட்டு எல்லாம் கையில்.

"சார், என்னைப் பத்தி நல்லபடியா எழுத முடியுமா? சங்கடமா இருந்தா வேணாம் சார்."

நோட்டைப் புரட்டியவர் சிரித்தார். "டிரையல் பாலன்ஸ் பத்து ரூபா இடிக்குதுன்னு சாப்பிடாம உக்காந்திருந்த பய நீதானே?"

அதையே எழுதினார்: கணக்கு நேராகும்வரை இவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான் என்று. இடம் கிடைத்தது.

ஊட்டி வர்க்கி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு சொல்லப் போனேன். "கடிதம் வாங்கிட்டுப் போனவன் எவனும் திரும்பி வந்ததில்லப்பா" என்றார் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நீங்களும் ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.