மழைக் கணக்கும் நிகழ்வுச் செவ்வகமும்

ஓர் ஊரில் எவ்வளவு மழை பெய்யும் என்று வினவினால், ஆண்டுச் சராசரி இத்தனை மில்லிமீட்டர் என்று விடை கூறுவது வழக்கம். அவ்விடை பொய்யன்று; ஆயினும் முழு உண்மையும் அன்று. வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டிலும், போடிமெட்டையும் குமுளியையும் கடந்து இடுக்கி மலைகளிலும் வாழும் நம் மக்களுக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. வீட்டையும் உயிரையும் தொடுவது.

கற்பனையாக இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஜூலைத் திங்களின் 31 நாள்களில் ஒவ்வோர் ஊரிலும் 1,240 மில்லிமீட்டர் மழை. சராசரி நாளொன்றுக்கு 40. முதல் ஊரில் நாள்தோறும் 40 மில்லிமீட்டரே பெய்தது. மற்ற ஊரில் 25 நாள்கள் 16 வீதமும், எஞ்சிய 6 நாள்கள் 140 வீதமும் பெய்தது. சராசரி ஒன்றே; ஆனால் ஓடை கரை புரள்வது இரண்டாம் ஊரிலேயாகும். சராசரி மறைக்கும் இவ்வுண்மையை எங்ஙனம் கண்முன் கொணர்வது?

அதற்கு உதவுவதே நிகழ்வுச் செவ்வகம். ஆங்கிலத்தில் இதற்கு ஹிஸ்டோகிராம் என்று பெயர். இச்சொல்லை வழங்கியவர் கார்ல் பியர்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர். அது 1895ஆம் ஆண்டில் அச்சேறியது. முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

படம் வரையும் முறை எளிது. நம் நாட்டு வானிலைத் துறையினர் ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு, முந்தைய 24 மணி நேர மழையை அளந்து குறிக்கின்றனர். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளே மழைநாள். 15.5 வரை இலேசான மழை, 64.4 வரை மிதமான மழை, 115.5 வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேல் அதிகனமழை. இவை பிரிவு இடைவெளிகள். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை நாள்கள் விழுகின்றன என்று எண்ணினால் நிகழ்வெண் கிடைக்கும். கிடைக்கோட்டில் மழையளவைக் குறித்து, பிரிவுதோறும் ஒரு செவ்வகம் எழுப்புதல் வேண்டும்.

நெல், தேயிலை, ஏலம் ஆகியவற்றின் விளைச்சலைக் காட்டும் பட்டைப் படத்தில் பட்டைகளுக்கிடையே இடம் விடுவோம். அவை வெவ்வேறு பொருள்கள். மழையளவோ தொடர்ச்சியானது, ஆதலின் செவ்வகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மேலும், நாள்களின் எண்ணிக்கையைக் காட்டுவது செவ்வகத்தின் பரப்பேயன்றி உயரமன்று. கனமழைப் பிரிவின் அகலம் சுமார் 51. மிகக் கனமழையினுடையது சுமார் 89. இரண்டிலும் பத்துப் பத்து நாள்கள் இருப்பின், இரண்டாவதன் உயரம் முதலாவதன் பாதியைவிடச் சற்றே மிகுதியாக இருக்கும். இதனை மறந்தால் படமே நம்மை ஏமாற்றிவிடும்.

படத்தின் வடிவம் ஊரின் இயல்பைக் கூறும். மழை மறைவில் அமைந்த மறையூர், சின்னாறு ஆகிய இடங்களில் செவ்வகங்கள் இடப்பக்கமே குவியும். மேல்மலையாகிய மூணாற்றிலோ அவை வலப்பக்கம் நீண்டு செல்லும். அவ்வால் தாழ்ந்தே தோன்றும். அபாயம் குடியிருப்பதோ அங்கேதான். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, கடும் மழையினிடையே, மூணாற்றுக்கு அருகேயுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. மாண்டவர் 70 பேர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அத்தகைய நாள்களைச் சராசரி ஒருபோதும் எடுத்துரைக்காது.

நிகழ்வுச் செவ்வகத்திற்கும் எல்லையுண்டு. பெருமழை எந்நாளில் வரும் என்று அது கூறாது. எத்துணை அரிது என்பதையே கூறும். மழைநாள்கள் அடுத்தடுத்து வந்தனவா என்பதும் அதில் புலப்படாது. மலைச்சரிவில் நீர் நாள்கணக்கில் ஊறுவதால், மும்மூன்று நாள்களின் கூட்டுத் தொகைக்கும் தனிப்படம் வரைதல் நன்று. ஓராண்டுக் கணக்கும் போதாது. வானிலை அறிஞர்கள் முப்பது ஆண்டுக் கணக்கைக் கொண்டே ஓரிடத்தின் இயல்பு மழையை வரையறுக்கின்றனர்.

எனவே, மழைமானி உள்ள பள்ளிகளும் தோட்டங்களும் நாள்தோறும் அளந்த அளவைக் குறிப்பேட்டில் பதிந்துவருதல் வேண்டும். புதிதாக வீடு கட்டவோ லயம் அமைக்கவோ இடம் தேடும்போது, சராசரியை மட்டும் கேட்டு அமைதியுறாமல், படத்தின் வலக்கோடியில் நிற்கும் தாழ்ந்த செவ்வகங்களையும் காட்டுமாறு கேட்போமாக.