டிஸ்சார்ஜ் ஆனதும் முடிந்துவிடுவதில்லை: மலைக்கிராமக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். நல்லா இருக்கிறவருக்கே தலை சுற்றும் பாதை அது. பக்கவாதத்தால் ஒரு கை, கால் செயலிழந்தவரை ஒவ்வொரு கையெழுத்துக்கும் இந்தப் பாதையில் இறக்கி ஏற்ற முடியுமா? "உயிர் பிழைச்சதே போதும், இனி எதுக்கு அலையணும்" என்று பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. மாத உதவித்தொகை, சக்கர நாற்காலி, பயிற்சி என்று கிடைக்க வேண்டிய எல்லாமே அதோடு நின்றுபோகிறது.

இதைத் தவிர்க்க முடியும். மருத்துவமனையில் இருக்கும் நாட்களிலேயே சில வேலைகளை முடித்துக்கொண்டால், பிறகு அலைச்சல் பாதியாகக் குறையும். கொல்லிமலையை வைத்துச் சொன்னாலும், ஜவ்வாது மலை, கல்வராயன் மலை மக்களுக்கும் இதே வழிதான்.

அவசரத்துக்கு முதலில் 108

மலையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு என்றால் முன்பெல்லாம் பிரசவமும் பாம்புக்கடியும்தான் நினைவுக்கு வரும். இப்போது பைக் விபத்து, மிளகு பறிக்க மரம் ஏறி விழுந்த முதுகெலும்புக் காயம், ரத்த அழுத்தத்தைக் கவனிக்காததால் வரும் பக்கவாதம் ஆகியவையும் அந்த வரிசையில் இருக்கின்றன. இவற்றில் உயிர் பிழைத்தாலும் ஊனம் மிஞ்சலாம்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சு குழறுவது: இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலைப்பாதையே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். "காலையில பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். மரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைத்துப் பைக்கில் கொண்டுபோக வேண்டாம். கழுத்தும் முதுகும் அசையாமல் படுக்க வைத்தே தூக்க வேண்டும்.

வார்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

1. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் போனில் தெளிவாகப் படம் எடுங்கள். வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

2. "இது நிரந்தரமான பாதிப்பா? ஊனச் சான்றிதழுக்கு எப்போது வரலாம்?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பக்கவாதத்தில் பொதுவாக ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள். அதற்குள் உடல் தேற வாய்ப்பு உண்டு. "இப்ப முடியாது" என்று சொன்னால் அது மறுப்பு அல்ல. எந்த மாதம் வர வேண்டும் என்று எழுதி வாங்கி, போன் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். காலை எடுத்துவிட்டது போன்ற மாறாத பாதிப்புக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவை இருக்காது.

3. வீட்டில் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, என்ன உடற்பயிற்சி கொடுப்பது என்று செவிலியரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டு, செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப் புண் வரும். அந்தப் புண்ணே மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்க வைத்துவிடும்.

ஆறு மாத இடைவெளியில்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் இதில் வீட்டிலேயே கிடைக்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைக்கலாம்.

போனில் விண்ணப்பம்

மாற்றுத்திறனாளி தனி அடையாள அட்டையை யுடிஐடி என்கிறோம். மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், கையொப்பம் அல்லது கைரேகை தேவை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலோ, அந்தப் பாதிப்புக்குச் சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலோ விண்ணப்பிக்க விதிகளில் இடம் உண்டு. சேலத்தில் சிகிச்சை பெற்றவர்கள் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். குழந்தைக்கும், தானே விண்ணப்பிக்க முடியாதவருக்கும் பாதுகாவலர் விண்ணப்பிக்கலாம். ஊரில் டவர் கிடைக்காது என்றால், கீழே இருக்கும்போதே பதிவை முடித்துவிடுங்கள். போனில் வராவிட்டால் இ-சேவை மையம் இருக்கிறது.

பதிவு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும். பரிசோதனைக்குப் போகாமலே விட்டுவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு விண்ணப்பம் செயலிழந்துபோகலாம். அட்டையில் 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளைப் பட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

அட்டை கிடைத்த பிறகு

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடுத்த விண்ணப்பம். கடுமையான ஊனம், அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளிட்ட சில பிரிவினருக்குத் தமிழ்நாடு அரசு மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செயற்கைக் கால் போன்றவற்றுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை.

மனு கொடுத்தும் பதில் இல்லையா? 1100-க்கு அழைத்து முதல்வரின் முகவரியில் பதிவு செய்யுங்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டில் இருக்கலாம். அங்கே ஸ்மார்ட்போன் இல்லாமலும் இருக்கலாம். உங்கள் போனில் அரை மணி நேரம் செலவழித்து அவருக்காக ஒரு விண்ணப்பத்தைப் பதிந்து கொடுங்கள். அந்த 70 வளைவுகளை அவர் ஒருமுறை குறைவாகக் கடந்தால் போதுமே.