நிமிடத்துக்கு ஆறு மூச்சு

ஐப்பசித் தேர்த் திருவிழாவின்போது பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்தில் வேதபாராயணம் நடக்கும். வேதத்தைக் 'கனம்' என்ற முறையில் ஓதும் கனபாடிகள் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். முதல் சொல், இரண்டாவது, இரண்டாவது, முதல், பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று, மீண்டும் ஒன்று, இரண்டு, மூன்று. ஸ்வரம் பிசகாமல், ஏட்டைப் பார்க்காமல், மணிக்கணக்கில். இது உடம்பை என்ன செய்கிறது?

இத்தாலியில் லூச்சியானோ பெர்னார்தி குழுவினர் 23 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. 'ஓம் மணி பத்மே' மந்திரத்தைச் சொன்னபோது அவர்களின் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறாக இறங்கியது. லத்தீனில் ஜெபமாலை சொன்னபோதும் அதே ஆறுதான்! நம் ரத்த அழுத்தம் ஏறத்தாழ பத்து வினாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்குகிறது. மூச்சும் அந்தத் தாளத்துக்கு வந்துவிட்டால், கழுத்துத் தமனியின் அழுத்த உணரிகள் இதயத் துடிப்பைச் சுறுசுறுப்பாகச் சரிசெய்கின்றன. இந்தத் திறன் குன்றுவது இதய நோயாளிகளுக்கு நல்லதல்ல. ஆக, சாந்தன்பாறையில் ஏலத்தோட்ட வேலை முடித்து வந்து, ஒருவர் தொடங்க மற்றவர்கள் முடிக்க, நிதானமாக ஜெபமாலை சொல்லும் குடும்பத்துக்கும் இந்தப் பலன் கிடைக்கக்கூடும். மொழியைவிட மூச்சுக்கே இதில் பங்கு அதிகம் என்பேன்.

மூச்சு மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் 12 பேரை ஓம் சொல்லவைத்து மூளையைப் படம்பிடித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க 'ஸ்ஸ்ஸ்' என்றும் ஒலிக்கவைத்தார்கள். 2011இல் வந்த முடிவின்படி, ஓம் சொன்னபோது அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா உள்ளிட்ட பகுதிகள் அடங்கின. 'ஸ்ஸ்ஸ்' சொன்னபோது அடங்கவில்லை. காதருகே பரவும் அதிர்வு வேகஸ் நரம்பைத் தூண்டுகிறதோ என்பது அவர்களின் ஊகம். 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கனபாடிகளின் கதை வேறு. ஜேம்ஸ் ஹார்ட்ஸெல் குழுவினர் டெல்லிப் பகுதியைச் சேர்ந்த 21 வேத பண்டிதர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்து, 2016இல் வெளியிட்டார்கள். நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸிலும், மொழியையும் ஒலியையும் கையாளும் பக்கவாட்டுப் பகுதிகளிலும், மற்றவர்களைவிட அவர்களுக்குச் சாம்பல்நிறப் பொருள் மிகுந்திருந்தது. இது ஏழெட்டு ஆண்டு தினமும் பல மணி நேரம் ஓதியதால் வந்ததா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் படிப்பை முடித்தார்களா? ஒருமுறை எடுத்த படம் அதைச் சொல்லாது.

சொல்லவைக்க வழி இருக்கிறது. வேத பாடசாலையில் சேரும் அன்றே பையன்களைப் படமெடுக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். தேவாரம் மனப்பாடம் செய்யும் ஓதுவார் மாணவர்களையும், குர்ஆனை மனனம் செய்யும் ஹாபிழ் மாணவர்களையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட வேண்டும். சமஸ்கிருதத்துக்கென்று தனி விளைவு ஏதும் இருந்தால், அங்கேதான் அது வெளிப்படும்.