தளர மறுக்கும் இதயம்

எக்கோ எடுத்துவிட்டு வரும் பிரஷர்காரர்கள் அறிக்கையில் முதலில் தேடுவது ஓர் எண்ணை. ‘இ.எஃப். 60 சதவீதம்’ என்றிருந்தால் நிம்மதி. இடது கீழறை தன்னுள் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை பங்கை ஒரே துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. ஆனால் உயர் ரத்த அழுத்தம் இதயத்தில் கைவைத்தால், பெரும்பாலும் இந்த எண் வெகுகாலம் அசையாமலே நிற்கும்.

முதலில் கெடுவது சுருங்குவதல்ல, தளர்வது. அழுத்தம் மிகுந்த தமனிக்குள் ரத்தத்தை ஓயாமல் தள்ளித் தள்ளி இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. தசைநார்களுக்கிடையே கொலாஜன் படிந்து சுவர் விறைக்கிறது. விறைத்த அறைக்குள் ரத்தம் எளிதில் இறங்காது. அதை அனுப்பும் இடது மேலறை மெல்ல விரியும். அப்போது தெரியும் ஒரே அறிகுறி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதாக இருக்கலாம். ‘வயசாயிடுச்சு’ என்று அதையும் தள்ளிவிடுகிறோம். எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

பிரஷர் உள்ள எல்லோருக்கும் ஈ.சி.ஜி. அவசியம். அதில் சுவர்த் தடிப்பைக் கண்டறிய 1949இல் சோகோலோவும் லயனும் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. ஆனால் தடித்த இதயங்களில் பல அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும், உலோகத்தில் விரிசல் தேடும் மீயொலிக் கருவியை மனித நெஞ்சின்மீது வைத்தார்கள். அங்கே பிறந்த எக்கோதான் இன்று சுவரை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறது. பெண்களுக்கு 9, ஆண்களுக்கு 10 மில்லிமீட்டர் வரை இயல்பு.

இதிலும் நுட்பமானது ‘ஸ்ட்ரெய்ன்’ அளவீடு. ஈரத்துணியைப் பிழிவதுபோல இதயம் முறுக்கிக்கொண்டே சுருங்குகிறது. உட்புறத் தசைநார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. ரத்தக்குழாய்கள் வெளிப்புறமிருந்து வருவதால் கடைசியாக ரத்தம் பெறுவதும், உள்ளழுத்தத்தை நேராகத் தாங்குவதும் இவைதான். ஆகவே முதலில் நலிவதும் இவையே. குறுக்கே வளைந்தோடும் நடு அடுக்கு அந்தக் குறையை ஈடுகட்டுவதால்தான் இ.எஃப். அசைவதில்லை. எக்கோ படத்தின் சின்னஞ்சிறு புள்ளிகளைக் கணினி துரத்தி, கீழறை நீளவாக்கில் எத்தனை சதவீதம் குறுகுகிறது என்று சொல்லிவிடும். சுமார் 20 என்றால் நலம். 16க்குக் கீழே என்றால் கோளாறு. கருவிக்குக் கருவி இந்த எண் சற்று மாறும், அதனால் மறுமுறையும் அதே கருவியில் பார்ப்பது நல்லது.

இப்படித் தடித்த சுவர் மீளுமா? ஈ.சி.ஜி.யில் தடிப்பு தெரிந்த 9,193 பிரஷர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2002இல் வெளியானது ‘லைஃப்’ ஆய்வு. சிகிச்சையில் அந்தத் தடிப்பு பின்வாங்கியவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றுமே குறைந்திருந்தன.