குறைமாதக் கன்று

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்கள். எருமைக்கோ 310 நாள்கள். சினைப்படுத்திய நாளைக் குறித்து வைக்காத வீட்டில், பிறந்த கன்று குறைமாதத்ததா, உருவில் மட்டும் சிறியதா என்னும் ஐயம் எழுவதுண்டு. வாயைத் திறந்து பார்த்தால் ஐயம் பெரும்பாலும் நீங்கும். நிறைமாதக் கன்றின் கீழ்வெட்டுப்பற்கள் ஈற்றைக் கீறி வெளிவந்திருக்கும். குறைமாதக் கன்றுக்கு அவை ஈற்றுக்குள் மறைந்திருக்கும். மயிரும் குட்டையாய்ப் பட்டுப்போல் இருக்கும்.

இக்கன்றுக்கு முதல் இடர் பசியன்று; மூச்சு. நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் படலம், கருவளர்ச்சியின் இறுதிக் கட்டத்திலேயே போதிய அளவு சுரக்கிறது. ஆகவே கன்றைப் பக்கவாட்டில் கிடத்தாமல், மார்பு தரையில் படியுமாறு அமர்த்த வேண்டும். அப்போதுதான் இரு நுரையீரல்களும் நன்கு விரியும். உடற்கொழுப்புக் குறைவாதலின் கன்று விரைவில் குளிர்ந்துவிடும். உலர்ந்த சாக்கால் தேய்த்துத் துடைத்து, தடித்த வைக்கோற் படுக்கையில் வைத்தல் நன்று.

தாயின் நோய் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே கன்றைச் சேர்வதில்லை. சீம்பாலே அவற்றைத் தருகிறது. அவற்றை உறிஞ்சும் குடலின் ஆற்றலோ மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய அற்றுப்போகிறது. இந்த அவசரத்தில்தான் பலர் மூங்கில் குழாயால் பாலைப் புகட்டிவிடுகின்றனர். வாயில் வைத்த விரலைச் சப்பாத கன்றுக்கு அவ்வாறு புகட்டினால், பால் நுரையீரலுக்குள் சென்று உயிரைப் பறிக்கும். கால்நடை மருத்துவரே குழாய் செருகி இரைப்பைக்குச் செலுத்துதல் வேண்டும்.

முன்கூட்டியே ஈனுவதற்குப் புருசெல்லா என்னும் நுண்ணுயிரியும் காரணமாகலாம். அது மனிதரையும் தொற்றுமாதலால், விழுந்த நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும்.