சொல்லாமல் விட்ட வாக்கியம்: எடுகோளைக் கண்டுபிடிப்பது எப்படி?

"அந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது." கேட்டதும் தலையாட்டிவிடுகிறோம். நெருப்பையோ யாரும் பார்க்கவில்லை.

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆவது காதையில், துறவி அறவண அடிகள் தருக்கம் சொல்லித்தரும் இடத்தில் இந்த வாதம் வருகிறது. அங்கே எடுத்துக்காட்டு, அடுக்களை. அடுப்பங்கரையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கப் பார்த்த நாம், அதையே மலைக்கும் பொருத்துகிறோம். "புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும்" என்பதே இங்குள்ள எடுகோள். தேர்வுத்தாளில் வரும் வாதங்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டுத்தான் வரும்.

அதை மீட்க, முதலில் வாதத்தைப் பிரித்துப் பாருங்கள். கூற்று எது, காரணம் எது? "பள்ளிக்குக் கணினி கொடுத்தால் கற்றல் உயரும்" என்பதில் காரணம் கணினி, கூற்று கற்றல்.

இடைவெளியைப் பாருங்கள். கணினி வந்து இறங்குவதற்கும் பிள்ளைகள் கற்பதற்கும் நடுவே என்னென்ன நடக்க வேண்டும்? மின்சாரம் வேண்டும், ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும், பாடவேளையும் வேண்டும். சில சமயம் ஓட்டை காரணத்திலேயே இருக்கும். மலை வாதத்தில், குக்கர் ஆவியும் தூரத்திலிருந்து பார்த்தால் புகைபோலத்தான் தெரியும். "தெரிவது புகையேதான்" என்பதும் ஓர் எடுகோள்.

மறுத்துப் பாருங்கள். "எரிவது விறகு" என்பது எடுகோளா? விறகில்லை, சருகு என்று வையுங்கள், வாதம் அசையாது. ஆகவே அது எடுகோள் இல்லை. "கணினியை யாரும் பாடத்துக்குத் தொடவே மாட்டார்கள்" என்று வையுங்கள், வாதம் சரிந்துவிடும். "கணினியைப் பாடத்துக்குப் பயன்படுத்துவார்கள்" என்ற எடுகோளைப் பிடித்துவிட்டீர்கள்.

சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வின் 2ஆம் தாளில், பத்தியைக் கொடுத்து அதன் எடுகோளைக் கேட்பார்கள். உண்மையாகத் தோன்றும் ஆனால் வாதத்துக்குத் தேவைப்படாத வரிதான் அங்கே பொறி. மறுத்துப் பார்த்தால் தப்பலாம். முதன்மைத் தேர்வின் 250 சொல் விடையில் "இது தவறு" என்று மட்டும் எழுதினால் பாதியில் நிற்கும். "ஆசிரியர் பயிற்சி தானாக நடந்துவிடும் என்று இக்கூற்று எடுத்துக்கொள்கிறது, அது நடக்காத பள்ளியில் கணினி பூட்டிய அறையில்தான் இருக்கும்" என்று எழுதுங்கள். விமர்சனம் ஒரே வரியில் வந்துவிடும், பரிந்துரைக்கும் அதிலேயே வழி கிடைக்கும்.