ஒட்டுவாரொட்டி

ஒட்டுவாரொட்டி என்னும் சொல்லை இக்காலத்தார் பெரிதும் வழங்குவதில்லை. ஒட்டுவாரை ஒட்டுவது எதுவோ அதுவே ஒட்டுவாரொட்டி. நெருங்கிப் பழகுவாரைப் பற்றும் நோய் என்பது பொருள். நோய் பரவும் வழியையே பெயராகக் கொண்ட அருமையான சொல் இது. சொறி சிரங்குக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது.

தொற்றுதல் என்பதோ விரிந்த பொருளுடையது. கொடி கொம்பிலே தொற்றும். பஸ்ஸின் மிதிபலகையிலே இளைஞர் தொற்றிச் செல்வர். ஆதலின், கிருமி எவ்வழியால் வந்து பற்றினும் தொற்று என்றல் பொருந்தும். 2020ஆம் ஆண்டிலே கொரோனா பரவியபின், நோய் என்னும் சொற்றுணை இன்றியே 'தொற்று' எனத் தனித்து நிற்கவும் அது பழகிக்கொண்டது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. டெங்கு தொற்றுநோய்; ஆயினும் ஒட்டுவாரொட்டி அன்று. நுளம்பின் வழியே பரவும் அது, நோயாளியைத் தொடுவதனால் வாராது. அவ்வாறிருக்க, நோயாளி கிடக்கும் வீட்டு வாசலை மிதிக்க அஞ்சுவாரும் உளர். அவர்கள் அஞ்சவேண்டியது தத்தம் வளவிலே சிரட்டையில் தேங்கிய நீரையே.

தொழுநோயாளர்க்கு ஒட்டுவாரொட்டி என்னும் பெயர் இழைத்த தீங்கு பெரிது. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலே அவர்களை ஒதுக்கிவைத்த காலம் ஒன்று இருந்தது. சிகிச்சை பெறாதவரோடு நெடுநாள் நெருங்கிப் பழகினாலே அந்நோய் தொற்றக்கூடும். அப்போதும் பெரும்பாலார்க்கு இயற்கையான எதிர்ப்பாற்றல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபின், நோயாளியிடமிருந்து அது பரவுதல் விரைவிலே நின்றுவிடும். ஆயினும், பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசுதற்கு அந்நோயின் பெயரை எடுப்பதைப் பாடசாலை முற்றத்திலே இன்றும் கேட்கிறேன்.